பனிக்கு வடித்த தண்ணீர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் சிவகாசி அச்சகம் ஒன்றில் பம்ப் அறை என் பொறுப்பில் இருந்தது. காலண்டர் சீசன் முடிந்தால் பைண்டிங் பெண்களுக்கு வேலை நின்றுவிடும். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். ஒரு வருடம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான படப் புத்தக ஆர்டர் வருவதாக இருந்தது. வந்தால் சித்திரை வரை எல்லாருக்கும் வேலை. ஆனால் தீயணைப்புக் குழாய் இருந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி கூரை முழுக்கச் சிவப்புக் குழாய் போட்டார். தீப்பிடித்தால் அந்தச் சூட்டிலேயே திறந்து தண்ணீரைப் பொழியும். மாட்டிக் கொடுத்த இன்ஜினீயர் வடக்கே மலை ஊர்களில் வேலை பார்த்தவர். அங்கெல்லாம் சொல்லிப் பழகியதை இங்கேயும் சொன்னார்: "பனிக்காலத்துக்கு முன்னாடி லைன்ல தண்ணிய வடிச்சிடுங்க." எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம். ஃபோர்மேனும் கேட்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை, சைக்கிள் சீட்டெல்லாம் நனைந்திருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த ஃபோர்மேன், "ஏலே, பனி எறங்கிட்டுலே. லைன வடி" என்றார். வடித்தேன். குடம் கொண்டுவராமல் போனோமே என்று பைண்டிங் பெண்கள் அங்கலாய்த்தார்கள்.

அந்த வாரமே ஆர்டர் கொடுப்பவர்களின் ஆள் சென்னையிலிருந்து வந்தார். கோடியில் இருந்த சோதனைக் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. அவ்வளவுதான்.

"தண்ணி எங்க?"

"பனிக்காலம்ல சார், வடிச்சுட்டோம்" என்றார் ஃபோர்மேன் பெருமையாக.

வந்தவர் கழுத்து வியர்வையைத் துடைத்தார். "குளிர் ஊர்ல தண்ணி ஐஸாகிக் குழாய் வெடிக்கும்னு வடிப்பாங்க. இங்க எதுக்குய்யா? இப்ப தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க? இதை நம்பி எப்படி ஆர்டர் தர்றது?"

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

என் மனைவி பசை ஒட்டிய கையோடு எழுந்தாள். "சார், எங்களுக்குப் பனின்னா புல்லு நுனியில நிக்கிறதுதான். கொழாய ஒடைக்கிற பனிய நாங்க எங்கன கண்டோம்? நீங்க சாப்பிட்டு வாங்க, அதுக்குள்ள ரொப்பிருவாக."

"யாருடி ரொப்புவாக?" என்று சீண்டினாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்க வீட்டுக்காரருதான். அவுகளுக்குப் பேச்சு வராது, பம்பு வரும்."

கூடமே சிரித்தது. வந்தவரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பம்பைப் போட்டேன். குழாய்க்குள் காற்றைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கடகடவென்று தலைக்கு மேல் ஓடியது. எல்லாரும் வேலையை விட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் திரும்பி வந்து திறந்தபோது குழாய் இரண்டு தரம் துப்பிவிட்டுச் சீராகக் கொட்டியது. கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்.

"இனிமே வடிக்காதீங்க. ஆர்டர் வந்துடும்."

சாயங்காலம் சைக்கிள் பின்சீட்டில் இருந்து அவள் கேட்டாள்: "எதுக்குன்னு அன்னைக்கே அந்த இன்ஜினீயர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீ பேசுனத நான் பாத்திருக்க முடியுமா?"

முதுகில் ஓர் அடி விழுந்தது. சித்திரை வரை தினமும் அவள் அந்தப் பின்சீட்டில் வேலைக்கு வந்தாள்.