எண்ணெய்ச் சனிக்கிழமை

நாற்பத்திரண்டு வயதில் என் உடம்பை நான் வதைத்த மாதிரி எந்த எதிரியையும் வதைத்ததில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷம் அது. கொண்டாட்டத்தில் குஸ்திப் போட்டி உண்டு என்று கேட்டதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. முந்தின வருஷக் குஸ்தியில் செங் என்ற ஊர்ப்பக்கத்து இளவட்டம் ஒருவன் ஊர் பார்க்க என்னைத் தூக்கி மண்ணில் அறைந்திருந்தான். எழுந்திருக்கக் கை கொடுத்து, "பாத்து எந்திரிங்க ஐயா" என்றான். அடித்ததை மன்னித்திருப்பேன். அந்த 'ஐயா'வை மன்னிக்க முடியவில்லை.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் களம். பால் டின்களில் சிமெண்டு ஊற்றி இரும்புக் குழாயில் கோத்த பளு, கீழே மணல். விடிந்ததும் தண்டால், பஸ்கி. பகலெல்லாம் பெண்டஹாரா தெரு மண்டியில் அரிசி மூட்டை. சாயங்காலம் மறுபடியும் களம். என்னோடு மல்லுக்கு நிற்பவன் என் மனைவியின் தம்பி. அவனும் மண்டியில் மூட்டை தூக்குகிறவன்தான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் களத்துப் பக்கமே வரமாட்டான்.

"தோளு வீங்கிக் கெடக்கு மாமா. ரெண்டு நாள் சும்மா விடுங்க லா. வயசுக்குத் தக்கன..."

வயசு என்ற சொல் வந்ததுமே அவன் கழுத்தில் என் கை விழும். புரட்டி எடுத்துவிடுவேன். வலது தோள் நெருப்பாய் எரியும். எரியட்டும் என்று குழாயில் இன்னும் இரண்டு டின் ஏற்றுவேன்.

சனிக்கிழமை மண்டிக்கு லாரி வராது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். அன்று வெயிலில் அலையக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. மிளகு ரசம் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஓய்வென்று இருந்தது அது ஒன்றுதான்.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை, மனைவி நல்லெண்ணெயை என் தோளில் அறைந்து அறைந்து தேய்த்தாள்.

"ஆடுன காலு சும்மா இருக்காதும்பாங்க. ஒங்களுக்குத் தோளு. இன்னிக்கு ஒரு நாளு அத விட்டு வைங்க."

விட்டு வைக்கவில்லை. சீயக்காயை அரைகுறையாகப் பூசி, இரண்டு வாளி வெந்நீர் ஊற்றிக்கொண்டு நேரே களத்தில் இறங்கினேன். மச்சானும் எண்ணெய்க் குளியல் முடித்துப் பின்வாசலில் ரசம் குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு வேணாம் மாமா. எண்ணெ இன்னும் போகல."

"பயந்தாங்கொள்ளி! எந்திரிடா!"

காலைப் பிடித்து இழுத்தேன். ரசக் கிண்ணம் உருண்டது.

பிடித்தேன், வழுக்கினான். மறுபடி பிடித்தேன், மறுபடியும் வழுக்கினான். சிரித்தான். செங் பையனே சிரிப்பதாக எனக்குப் பட்டது. குஸ்தி போய்க் குத்து வந்தது. முகத்தில் குத்தினேன், விலாவில் குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. இடுப்பை வளைத்துத் தலைக்கு மேலே தூக்கினேன். அப்போது என் தோளுக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. எண்ணெய்க் கையிலிருந்து நழுவியவன் சிமெண்டு டின்மேல் விழுந்தான். வலது முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பு வெளியே தெரிந்தது. மனைவி ஓடிவந்து துடைப்பத்தால் என்னை அடித்தாள். வாங்கிக்கொண்டு நின்றேன்.

போட்டிக்குப் போகவில்லை. என் தோள் சில மாதத்தில் ஆறிவிட்டது. அவன் கை அதன்பின் மடங்கவே இல்லை. மூட்டை தூக்கியவனுக்கு அதே மண்டியில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். அவன் துடைப்பம் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் மூட்டை சுமந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

இப்போது எனக்கு அறுபது தாண்டியாயிற்று. பளுவில் இரண்டே டின். ஒரு நாள் தூக்கினால் இரண்டு நாள் தொடமாட்டேன். சனிக்கிழமைகளில் மச்சான் கிளேபாங்கிலிருந்து பஸ் ஏறி வருவான். இடது கையால் என் முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பான். தோளுக்கு வரும்போது கட்டைவிரல் கொஞ்சம் அதிகமாகவே அழுந்தும்.

"வலிக்குதா மாமா?"

"இல்லடா."

வலிக்கும். இன்னும் அழுத்தட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.