பழமை போதாத கல்லறை

மலேசியாவில், கோலா சிலாங்கூர் குன்றின் மேலிருக்கும் பீரங்கிகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு, பராமரிக்க ஆளும் உண்டு. சுட வந்தவனின் இரும்புக்கு அத்தனை மரியாதை. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் காடழித்து ரப்பர் நட்ட என் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்தை வாங்கிய வீடமைப்பு நிறுவனம் எங்கள் இடுகாட்டையும் தோண்டப் போவதாகச் செய்தி வந்தது. பழமையான இடம் என்று உறுதியானால் விட்டுவிடுவார்களாம். பார்த்துச் சொல்லத் தொல்பொருள் இலாகாவிலிருந்து ஓர் ஆள் வருவாராம்.

பார்க்க ஆள் வருகிறார் என்றால் சும்மா இருப்போமா? தீபாவளிக்கு முன் கல்லறைகளுக்குச் சாயம் பூசிப் படையல் போடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் அத்தை தலைமையில் அதை முன்கூட்டியே முடித்தோம். வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்தோம். கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக்கு அத்தை நீல டைல்ஸே ஒட்ட வைத்தார். இடுகாடு கல்யாண வீடு மாதிரி மின்னியது.

வந்தவர் தமிழ் இளைஞர்தான். சுற்றிப் பார்த்தார், படம் எடுத்தார். எல்லாம் அண்மையில் கட்டியதுபோல் இருக்கிறது, பழமைக்குச் சான்று எதுவும் தெரியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அத்தைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “காடு மண்ட விட்டிருந்தா பழசுன்னு எழுதியிருப்பீங்க. வருசா வருசம் பாத்துக்கிட்டதுதான் எங்க தப்பா, தம்பி?”

“நான் என்னா லா செய்றது அக்கா? கண்ணால பாக்குறதத்தான் எழுத முடியும்.”

எலும்புகளை எடுத்து வேறிடத்தில் புதைக்க ஏற்பாடானது. சில வாரங்களில் இயந்திரம் வந்தது. முதல் இடியில் டைல்ஸ் நொறுங்கியது. அதன் அடியில் சிமெண்ட், அதற்கும் அடியில் எத்தனையோ தீபாவளிகளின் சுண்ணாம்பு. எல்லாம் பெயர்ந்ததும் ஒரு கருங்கல் தெரிந்தது. உளியால் வெட்டிய தமிழ் எழுத்துகள்: கொள்ளுத்தாத்தாவின் பெயர், கப்பலேறுமுன் அவர் வாழ்ந்த ஊர், போரில் ஜப்பான்காரன் வருவதற்கு வெகுநாள் முந்தைய ஓர் ஆண்டு. அப்படி ஒரு கல் இருப்பது அப்பாவுக்கே தெரியாது. அத்தை அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே அழுதார்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்த அண்ணனுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்கள் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். கல்லைக் காட்டினால் இயந்திரம் திரும்பிப் போய்விடும் என்று உறுதியாக நம்பினேன்.

அப்பா கைப்பேசியை எடுக்கவே இல்லை. அந்த இளைஞர் கல்லறைகளைப் பார்க்க வருவதற்கு முன்பே அங்கே கட்டப்போகும் வீடுகள் விற்று முடிந்திருந்தன. அப்பாவுக்கு அது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. எனக்குத் தெரியாது.