படகில் மட்டும் பேசுகிறவர்

என் கணவர் மேல் எனக்கு முதலில் வந்தது சாதாரண சந்தேகம்தான். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அவருக்கு. மாதத்தில் இரண்டு முறை, ஓய்வு நாள் கிடைத்தால் போதும், விடிவதற்குள் கிளம்பிக் கடலோரத்துச் செடிலிக்குப் போய் மீன்பிடிப் படகேறிவிடுவார். போகிற முகம் வேறு, திரும்பி வருகிற முகம் வேறு. வரும்போது அப்படி ஒரு நிம்மதி. பன்னிரண்டு வருடம் சோறு போட்டும் அந்த முகத்தை நான் வரவழைத்ததில்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கைப்பேசியை எடுத்துத் துழாவினேன். நூற்றுக்கணக்கில் படங்கள். எல்லாம் மீன். ஒரு பெண்ணாவது இருந்திருந்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருப்பேன். கெராப்பு மீனை வைத்துக்கொண்டு என்ன சண்டை போடுவது?

அதற்கப்புறம் எனக்குக் கண்டதன் மேலும் பொறாமை வந்தது. கடலிலிருந்து வந்ததும் ரீல்களை நல்ல தண்ணீரில் கழுவுவார், பழைய பனியனால் துடைப்பார், சின்னப் பிள்ளைக்கு மருந்து விடுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவார். தூண்டில்களுக்குத் துணி உறை உண்டு. அதில் ஒன்று என் துப்பட்டா. தையல்காரரிடம் கொடுத்து, அளவு சொல்லி, தைத்து வாங்கியிருக்கிறார். நான் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்து நின்றதை மட்டும் ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தார். அப்போதும் கேட்டது, "காய்ச்சலா, ஒரு மாதிரி இருக்க?"

இதையெல்லாம் வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் அடியில் ஒன்று கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பத்து வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை ஐந்தாம் மாதத்தில் என் வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இவர் பாரத்தில் கையெழுத்துப் போட்டார், மருந்து வாங்கி வந்தார், எனக்குக் கஞ்சி ஊட்டினார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இல்லை. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். இவர் வெளியே நின்று, "தண்ணி சூடா வருதா?" என்று கேட்பார். அந்தப் பிள்ளை இவருக்கு ஒன்றுமே இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நேராகக் கேட்கப் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மனிதரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அதனால் கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று இந்த வருடம் அவர் கேட்டபோது, பதில் என்னிடம் தயாராக இருந்தது.

"நீங்க போற படகுல நானும் வரேன்."

"அங்க டாய்லெட் கூட கிடையாது மா."

"அடக்கிக்கறேன்."

"வாந்தி வரும்."

"உங்க மேலயே எடுக்கறேன்."

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, வழக்கமாக நாலைந்து பேராகச் சேர்ந்துதான் போவது, நீ வருவதென்றால் பிரைவட் டிரிப்பாகவே எடுத்துவிடலாம் என்றார். படகு முழுக்க எங்கள் இருவருக்கு மட்டும். தெப்ராவில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்கிறவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு செயின் கேக்கத் தெரியாதா உனக்கு?" என்றாள்.

செடிலியில் ஆற்று முகத்துப் படகுத்துறையில் தெக்கோங் காத்திருந்தார். படகு ஓட்டி மீன் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறவரைத் தெக்கோங் என்பார்கள். மலாய்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் காய்ந்த ஒல்லி உடம்பு. அவர் பேசியதெல்லாம் மலாய். எனக்கு மனதில் பதிந்தபடி தமிழில் எழுதுகிறேன். 'அண்ணே' மட்டும் அவர் வாயில் 'அனே' ஆகிவிடும்.

"அனே, இன்னைக்கு முதலாளி அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டியா? இனிமே நமக்குச் சுதந்திரம் போச்சு."

என் கணவர் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். கல்யாண ஆல்பத்தில்கூட அந்தப் பல்லை நான் பார்த்ததில்லை.

ஆறு முடிந்து கடல் தொடங்கியதும் மனிதர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டினார். காற்றைப் பற்றிப் பேசினார், நீரோட்டத்தைப் பற்றிப் பேசினார், பழைய பாட்டு ஒன்றைச் சுருதியில்லாமல் பாடினார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே தெக்கோங் சிரித்தார், அத்தனை முறை கேட்ட கதை. வீட்டில் இவர் ஒரு நாளைக்குப் பேசுவதைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். என்ன குழம்பு, கரண்ட் பில் வந்துச்சா, மழை வரும்போல. மிச்சம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி இங்கே கொண்டுவந்து அவிழ்க்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கடல் இரைச்சல் மட்டும் இல்லையென்றால் அது அவருக்கே கேட்டிருக்கும்.

தெக்கோங் பிளாஸ்க்கைத் திறந்து எனக்குச் சீனி போட்ட கோப்பி ஊற்றினார். இவருக்கு இன்னொரு பிளாஸ்க். "அனே சீனி போட மாட்டார், காக்," என்று எனக்கே விளக்கினார். காக் என்றால் அக்கா. நான் பன்னிரண்டு வருடமாக இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுக்கிறேன். இவர் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கிறார்.

"எப்பலேருந்து சீனி விட்டீங்க?"

"நாலஞ்சு மாசம் இருக்கும். நீ ஆசையா போடறியேன்னு…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை.

அரைமணி நேரத்தில் முதல் இடம் வந்தது. கரையின் சவுக்கு மரங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அடியில் பவளப்பாறை. மலாயில் கராங். எங்கே பாறை இருக்கிறது என்பதைத் தெக்கோங் தன் ஜிபிஎஸ் பெட்டியில் குறித்து வைத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு பெயர் கொடுத்து. அந்தத் திரையைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். ஒன்று கராங் செலிப்பார், யாரோ செருப்பைக் கடலில் விட்ட இடம். ஒன்று கராங் மெர்த்துவா. பெரிய மீன் மாட்டிய நேரத்தில் ஒருவருக்கு மாமியார் போன் செய்து, எடுக்கப் போய் மீன் போன இடம். அதற்குக் கீழே கராங் நாங்கிஸ் என்று இருந்தது. நாங்கிஸ் என்றால் அழுவது.

"இது யார் அழுத இடம்?" என்று கேட்டேன்.

தெக்கோங் என் கணவரைப் பார்த்தார். என் கணவருக்கு அந்த நேரம் பார்த்துத் தூண்டில் முள்ளில் ஏதோ பெரிய வேலை வந்துவிட்டது.

"காத்தடிச்சா அங்க அழற மாதிரி ஒரு சத்தம் வரும், காக்," என்றார் தெக்கோங்.

பாறை தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. காற்று எப்படி அதைத் தொடும்? நான் பல் கிளினிக்கில் உட்கார்ந்து, இனிப்பே சாப்பிடுவதில்லை என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். ஆனாலும் விட்டுவிட்டேன்.

என் தூண்டிலுக்கு இவரே சோத்தோங், அதாவது கணவாய்த் துண்டு மாட்டி, ஈயக்குண்டைக் கீழே இறக்கிக் கொடுத்தார். குண்டு அடியைத் தொட்டது. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, தூண்டில் நரம்பின் மேல் ஒரு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப இழுக்காத. சும்மா உரசிட்டுப் போவுது… இது சின்னது… இரு… வேற ஒண்ணு வருது. பயப்படுது. இரு, இரு… இப்ப."

இழுத்தேன். உள்ளங்கை அளவு கெரிசி மீன் ஒன்று ரோஸ் நிறத்தில் துள்ளிக்கொண்டு வந்தது. தெக்கோங் கைதட்டினார். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். அத்தனை ஆழத்தில், முகமே தெரியாத ஒரு மீன் பயப்படுவது இவருக்குத் தெரிகிறது. ஒரே மெத்தையில், அடுத்த தலையணையில், இரண்டு வருடமாக ஒருத்தி கிடக்கிறாள். அந்த மீனை வாளியில் போடாமல் அப்படியே கடலில் தூக்கி எறியலாமா என்று இருந்தது.

மதிய வெயில் ஏறியதும் மீன் கடிப்பது நின்றது. காலையில் மூன்று மணிக்கே எழுந்தவர் முன்பக்கம் போய், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நான் தெக்கோங் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க யார் அழுதது?"

அவர் முன்பக்கம் தூங்குகிறவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவர் உங்ககிட்ட சொல்லலையா, காக்? சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்," என்றார்.

அதற்கப்புறம் அவராகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். இவர் தனியாக வந்து முழுப் படகையும் எடுத்திருக்கிறார். அந்தப் பாறைக்குப் போனதும் தூண்டிலைத் தொடவில்லை. நான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த அதே பலகையில் உட்கார்ந்து, எஞ்சினை அணைக்காதீர்கள், ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறார். எஞ்சின் ஓடினால் மீன் நிற்காது என்று தெரியாதவரா இவர்? தெக்கோங் ஓடவிட்டுவிட்டு, மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாராம். எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாம்.

"பொம்பளப் புள்ளைன்னு சொன்னார். பேர்கூட வச்சிருந்தாராம். அந்த இடத்துக்கு நான் வேற யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல, காக். அது அவரோடது."

பெயரா? எந்தப் பெயர் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. என் பிள்ளையின் பெயரை ஒரு தெக்கோங்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதா? இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். பிள்ளைக்காக இவர் அழுதிருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை. பொறாமை. அந்த அழுகையில் எனக்குப் பங்கு உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்க வேண்டிய அழுகை அது. அதைக் கொண்டுபோய் அந்நியர் ஒருவர் முன்னால் கொட்டியிருக்கிறார். அந்த அந்நியரும் அதைப் பத்திரமாகப் பெட்டியில் குறித்து வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். அதனால்தான் இன்னும் எரிந்தது.

மூன்று மணிக்குக் கரை திரும்பினோம். தெக்கோங் மீன்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொடுத்து, அடுத்த முறையும் வாருங்கள் என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

காரில் ஏறி வெகுதூரம் வரை நான் பேசவில்லை. இவரும் பேசவில்லை, தரை வந்துவிட்டதே. இரண்டு பக்கமும் செம்பனை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நானே ஆரம்பித்தேன்.

"அந்த ஆளுகிட்ட அழ முடிஞ்சிச்சி. என்கிட்ட முடியலையா?"

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சொல்லிட்டாரா," என்றார். கோபம் இல்லை.

"ஏன் அவருகிட்ட? அவரு யாரு நமக்கு?"

"அவரு கேட்டாரு மா."

"என்னான்னு கேட்டாரு?"

"'நீ எப்படி இருக்கே'ன்னு என்னைக் கேட்டாரு. அவ்ளோதான். அதுக்கே வந்திருச்சி."

நான் இரண்டு வருடத்தையும் அவசர அவசரமாகத் தேடிப் பார்த்தேன். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இவரிடம் கேட்டது ஒரே கேள்விதான், அவ எப்படி இருக்கா. என் அம்மா, இவர் தங்கச்சி, பக்கத்து வீட்டு அக்கா. தூங்கினாள், சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள் என்று இவர் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான்? அழுகிறாரா என்று வேவு பார்த்தேன். அழவில்லை என்று மனதில் எழுதி வைத்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அப்போதும் அந்தத் தெக்கோங் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அது என் கேள்வி. என் கேள்வியை முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்.

"சரி, இப்ப நான் கேக்கறேன்," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "நீங்க எப்படி இருக்கீங்க?"

முன்னால் போன லோரியைத் தாண்டினார். எனக்காக நிஜமாகவே யோசிக்கிறார் என்று தெரிந்தது. உள்ளே ஏதாவது கொஞ்சமாவது மிச்சம் இருக்கும், அது எனக்கு வரும் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன்.

"இப்ப பரவால்ல மா," என்றார். "எனக்குச் சரியாயிருச்சி."

பொய் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குச் சரியாகிவிட்டது, இந்த இரண்டு வருடத்தில் எப்போதோ, நான் பக்கத்தில் இல்லாத ஏதோ ஒரு நாளில். எனக்கு இன்னும் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டோல் வந்துவிட்டது. கார்டை எடுத்துக் கொடுத்தேன்.