சைரன் ஊதாத நிலநடுக்கம்

சுற்றுச்சூழல் அறிவியல் நடத்துகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: ‘இதெல்லாம் ஒரு பாடமா’ என்று எல்லோரும் ஒதுக்கிவைக்கிற தாள்தான் எல்லோரையும் கவிழ்க்கும், அப்படிக் கவிழ்ந்தவர்களை நம்பித்தான் நம் பிழைப்பு.

கல்லூரியில் எந்தப் பட்டம் படித்தாலும் இந்தத் தாள் கட்டாயம். மற்ற பாடங்களை விழுந்து விழுந்து படிப்பார்கள். இதற்கு மட்டும் தேர்வன்று காலையில் பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டுவார்கள். அரியர் விழும். கல்யாணம், குழந்தை, வேலை என்று காலம் ஓடி, பட்டச் சான்றிதழ் தேவைப்படும்போது ஞாபகம் வரும். அவர்களுக்காக உத்திரமேரூர் கடைத்தெருவில், கரீம் பாயின் ஹார்டுவேர் கடை மாடியில், ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறேன். வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடங்களில் பாறை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஊர் திரும்பியதும், ‘பாறை தெரிஞ்சவனுக்குப் பூமி தெரியாதா’ என்று இதில் உட்கார்த்திவிட்டார்கள். பத்தாவது வரை தமிழில் படித்தவன், பாறையை ஆங்கிலத்தில் படித்தேன். ஆகவே என் வகுப்பில் பூமி பாதி வழியில் மொழி மாறிவிடும். பாடம் நடத்துகிற சக பாவிகளுக்கு இந்த அவஸ்தை புரியும்.

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து

ஏழுமலை மினி பஸ் கண்டக்டர். இந்தத் தாளை எத்தனை முறை எழுதினார் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில் இருந்தது. காற்று மாசுபட்டால்? மரம் நட வேண்டும். தண்ணீர் வற்றினால்? மரம் நட வேண்டும். இரைச்சல் மாசுக்கும் அதையே சொன்னார். சரி, மடக்கிவிடலாம் என்று, “கடலுக்கடியில் எரிமலை வெடித்தால் என்ன செய்வது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கரையில் மரம் நட வேண்டும் என்றார்.

“ஏழுமலை, இதற்கு மார்க் விழாதப்பா” என்றேன். அவர் அசரவில்லை.

“மரம் நடணும்னு எயுதினவனுக்கு மார்க்கு போடாம உட எந்த வாத்தியாருக்கு சார் மனசு வரும்?”

ஜூனுக்குள்

மஞ்சுளா சாலவாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். பி.ஏ. தமிழில் இந்த ஒரு தாளைத் தவிர எல்லாம் பாஸ். அவர் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் டீச்சர் வேலை. குழந்தைகள் அவரை விட்டு நகராது. ஆனால் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டு, ஜூனில் பள்ளி திறக்கும்போது பட்டம் முடித்தவர்கள்தான் வகுப்பில் இருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். பதில் ஆளையும் பார்த்து வைத்தாயிற்றாம். கணவருக்குத் தறி ஓட்டம் குறைந்துபோயிருந்தது. இந்தச் சம்பளம் போனால் வீடு தள்ளாடும்.

இதெல்லாம் தெரியாமல், முதல் நாள் நான் சூரியக் குடும்பம் எப்படி உருவானது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாவம், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“சார், எனுக்குப் பூமி எப்பப் பொறந்துச்சுன்னு தெரிய வேணாம். ஜூனுக்குள்ள நான் பாஸாவணும்.”

ஏடு

புவித்தட்டுகளை விளக்க நான் கண்டுபிடித்த வழி, பால். கரீம் பாய் டீ போடுவதற்கு மாடியில் வைத்திருக்கும் அடுப்பில் ஒரு பாத்திரம் பாலை ஏற்றினேன். மேலே ஏடு படிந்தது. “இந்த ஏடுதான் நாம் நிற்கிற தரை. கீழே சூடு. சூட்டில் அடியிலிருப்பது மெல்லப் புரள்கிறது, மேலேயிருக்கிற ஏடு துண்டு துண்டாக நகர்கிறது. ஒரு துண்டு இன்னொன்றின்மேல் முட்டினால் சுருங்கி மேலெழும்புகிறது பாருங்கள், அதுதான் இமயமலை!”

எல்லோரும் பாத்திரத்தைச் சுற்றித் தலையை நீட்டினார்கள். இமயமலை நிஜமாகவே எழும்பியது. எனக்கே புல்லரித்துவிட்டது. அப்போது, சாமான் எடுக்க மாடியேறி வந்த பாயின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

“தம்பி, ஏடு எங்க போவுதுன்னு எல்லாரும் பாத்துக்கினு கீறீங்க, பாலு எங்க போவுதுன்னு எவனாச்சும் பாத்தீங்களா?”

வரப்பு

நம் நாடு உட்கார்ந்திருக்கிற தட்டு வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது, கிட்டத்தட்ட நகம் வளர்கிற வேகத்தில், என்று சொன்னேன். வகுப்பில் கொஞ்ச நேரம் எல்லோரும் தங்கள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை மட்டும் கலவரமாகிவிட்டார். அவருக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் நிலம். பக்கத்து நிலம் பங்காளியுடையது.

“சார், இத்த வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க. எங்க பங்காளி வருசா வருசம் வரப்ப எங்க பக்கம் தள்ளிக்கினே வர்றான். கேட்டா இனிமே பூமிதான் தள்ளுச்சுன்னுவான்!”

ஞாயிற்றுக்கிழமை வராது

மாதிரித் தேர்வு வைத்தேன். ‘நிலநடுக்கம் – குறிப்பு வரைக’. மஞ்சுளாவின் விடை இப்படிப் போயிற்று: ‘நிலநடுக்கம் பெரும்பாலும் பிற்பகலில் ஏற்படும். அதற்கு முன் சைரன் ஊதுவார்கள், சிவப்புக் கொடி கட்டுவார்கள். பாத்திரங்கள் உருளும், சுவர் விரிசல் விடும். ஞாயிற்றுக்கிழமை வராது.’

வாய்விட்டுச் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஊருக்குப் பக்கத்தில் கல்குவாரி. வெடி வைப்பதற்கு முன் சைரன், கொடி எல்லாம் உண்டு. அவர் அறிந்த நடுக்கம் அது. நான் புத்தகத்தில் படித்த பூமி எனக்குத் தெரிந்து என் காலடியில் ஒருநாளும் ஆடியதில்லை. அவருடைய பூமி வேலை நாட்களில் ஆடுகிறது. “ஒவ்வொரு தடவையும் இதையேதான் எழுதினீர்களா?” என்றேன். “ஆமா சார். கண்ணால பாத்தத எயுதினா மார்க்கு போடுவாங்கன்னு நெனச்சேன்.”

அது மனிதன் வைக்கிற வெடி, இது வேறு என்று ஆரம்பித்தேன். மழையில் ஊறி உப்பிய மரக்கதவு தள்ளத் தள்ள அசையாமல் நின்று, திடீரென்று திறந்து நம்மையே உள்ளே தள்ளிவிடுமல்லவா? இரண்டு தட்டுகள் அப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும், காலம் காலமாக நெருக்கும், ஒருநாள் சட்டென்று வழுக்கும். எப்போது என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. மஞ்சுளா மடமடவென்று எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்.

“எங்கூரு குவாரிக்காரனே சைரன் ஊதிட்டுத்தான் சார் வெடிக்கிறான். இந்தப் பூமிக்கு அந்த மரியாத கூடத் தெரியாதா?”

ரிசல்ட்

தேர்வு முடிந்து, மே மாதமும் முடிகிற நேரத்தில் ரிசல்ட் வந்தது. கடையில் ஆணி வாங்க வந்தவர்களெல்லாம் சுற்றி நிற்க, பாயின் செல்போனில் பார்த்தோம். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மஞ்சுளா ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தூரமாகப் பிடித்து, “பாஸும்மா!” என்று கத்தினார். மஞ்சுளா எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே அழுதார். எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல், தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழுமலை பாஸாகவில்லை. என்ன ஆறுதல் சொல்வதென்று நான் தேடுவதற்குள் அவரே என்னைத் தேற்றினார்.

“எனுக்கு ஒண்ணும் பேஜார் இல்ல சார். ஞாயித்துக்கெழம வூட்ல இருந்தா தண்ணி புடிக்கச் சொல்றாங்க.”

எங்கே இறங்குவது?

பள்ளி திறந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மஞ்சுளா மறுபடி மாடியேறி வந்தார். ஸ்வீட் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஸ்வீட் இல்லை. நேராக வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். வேலை என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டேன். நிலைத்துவிட்டதாம். அதுமட்டுமல்ல, கரஸ்பாண்டன்டுக்குப் பெருமகிழ்ச்சியாம். இந்தப் பள்ளியில் இந்தப் பாடத்தை இவ்வளவு காலம் படித்தவர் வேறு யாருமில்லை என்று சொல்லி, நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சூழ்நிலையியலை மஞ்சுளாவிடமே கொடுத்துவிட்டாராம்.

“பூமி போய்க்கினே கீதுன்னு சொல்லிக் குடுத்தேன் சார். ‘எந்த ஊர்ல எறங்கணும் டீச்சர்’னு ஒரு பொண்ணு கேக்குது. நீங்க அதச் சொல்லியே குடுக்கலியே!”

பூமி யாருடைய பாடத்திட்டத்தையும் கேட்காமல் தன்பாட்டில் நகர்ந்துகொண்டிருக்க, அதை விளக்குகிற தலைவலியை மட்டும் நாம் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறோம்.