மூன்று வரை எண்ணியவர்

வேதசிரோமணி சார் எங்கள் தாம்பரம் பள்ளியின் டிரில் மாஸ்டர். நேர்மை என்ற பெயரில் எல்லோர் உயிரையும் வாங்கிய மனிதர். சக வாத்தியாரான நான் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தாலும் தன் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். 1968-ல் கொட்டகை போட்டு மல்யுத்தப் போட்டி நடத்த வந்தவர்களிடம், அவரை நடுவராகப் போடச் சொன்ன முட்டாள் நான்தான். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று அவர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தொடக்க நாள் இரவு, முதல் ஆட்டம். போஸ்டரில் மீசை முறுக்கி நின்ற பஞ்சாப் சிங்கம், பாய்ந்து வந்த வேகத்தில் வழுக்கி மல்லாந்து விழுந்தான். தோற்பதற்கென்றே அழைத்து வரப்பட்ட கோவளத்துப் பூவராகன், தடுமாறி அவன் மேலேயே விழுந்தான். சார் மண்டியிட்டு மூன்று வரை எண்ணினார். விசில் ஊதிப் பூவராகனின் கையைத் தூக்கிவிட்டார்.

நாற்காலிகள் பறந்தன. "ஏமாத்துறானுங்கடா!" என்று கத்திக்கொண்டு ஜனம் மேடையேறியது.

"ரெண்டு தோளும் தரையில பட்டுது. ரூல் ரூல்தான்," என்றார் சார். ஓர் அங்குலம் நகரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் பூவராகன் அவர் சட்டையைப் பிடித்தான்.

"இன்னா சார் நீ! பதினைஞ்சு நாளும் தோக்கத்தான் என்னை இட்டாந்தானுங்கோ. இப்போ வூட்டுக்குப் போன்னுட்டானுங்கோ. என்னை ஜெயிக்க வைக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.