தங்கச்சியின் பத்தியம்

என் தங்கச்சியின் முழங்கைத் தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் நாலு விரல் நீளத்துக்கு வரும். விட்டால் பழையபடி போய் ஒட்டிக்கொள்ளும். கைவிரல்களைப் பின்பக்கமாக மடக்கி மணிக்கட்டில் வைப்பாள். பாலமுனையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு சர்க்கஸ். உம்மாவின் விரல்களும் அப்படித்தான் வளையும். ஆனால் உம்மா அதை யாருக்கும் காட்டுவதில்லை.

வேடிக்கை அந்தமட்டில்தான். மற்றப் பிள்ளைகள் விழுந்தால் சிராய்ப்பு. அவள் விழுந்தால் தோல் மீன்வாய் போலப் பிளந்துவிடும். ஆறிய இடம் வெங்காயச் சருகு மாதிரி மினுங்கும், பிறகு அதே இடம் திரும்பவும் பிளக்கும். கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நீலம் பாய்ந்துவிடும்.

பெரிய சூறாவளி அடித்த அடுத்த வருடம் எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து. முழங்காலில் ஒரு காயம் ஆறாமல் கிடந்தது. வாப்பா அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பரிசாரியைக் கூட்டிவந்தார். அவர் எண்ணெய்ச் சீலை கட்டி, காயம் ஆறும்வரை பத்தியம் என்றார். புளி பட்டால் புண் சீழ் வைக்கும். பழமும் இலைக்கறியும் குளிர். சோறும், மிளகும் உள்ளியும் அரைத்து வைத்த கறியும் மட்டும்தான். ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார், யாருக்கும் அதில் பிழை தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பத்து நாளில் காயம் ஆறும், பத்தியமும் முடியும். இவளுக்கு ஒன்று ஆறுமுன் அடுத்தது வந்தது. அப்படியே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

உம்மா பாய் இழைக்க உட்கார்ந்தால் தங்கச்சிக்குக் காவல் நான். கொய்யா மரத்தடியில் அவளைக் கண்டால், கையைப் பிடிக்காமல் சட்டையைப் பிடித்துக் கூட்டி வருவேன். "பொலிஸ்காரி வாறா, பழத்த ஒளிங்க புள்ளையள்" என்று பக்கத்து வளவுச் சாச்சி பகிடி பண்ணுவா. எனக்கு அது பெருமையாக இருந்தது.

வரவர அவள் விளையாட எழும்புவதில்லை. கால் நோகிறது என்று தவளை மாதிரிக் கால்களை அகட்டிக்கொண்டு படுத்தே கிடந்தாள். தொட்டால் கத்துவாள். பல் முரசு வீங்கிக் கத்தரிக்காய் நிறமாகி, விடிந்தால் தலையணையில் இரத்தம். பிறவிக் கோளாறு முற்றிவிட்டது என்று வீட்டில் பயந்தார்கள். பயத்தில் பத்தியத்தை இன்னும் இறுக்கினார்கள்.

ஒருநாள் பகல் சாச்சி எங்கள் குசினியில் தேசிக்காய் ஊறுகாய் போட்டா. பிழிந்த புளிப்புத் தோலெல்லாம் குசினிக்குப் பின்னால் கொட்டிக் கிடந்தது. நான் தண்ணீர் அள்ளிவிட்டு வந்து பார்த்தால் பாயில் தங்கச்சி இல்லை. நிற்கவே முடியாதவள் குண்டியால் அரைந்து அரைந்து பின்வாசல் தாண்டிப் போயிருக்கிறாள். மண்ணோடு ஒரு தேசித்தோலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தாள். தோலின் வெள்ளைப் பக்கமெல்லாம் இரத்தம்.

"கொஞ்சம் ராத்தா. நக்கிட்டுத் தாறன்" என்றாள்.

பலமாகப் பிடுங்கினால் அவளுடைய விரல் மூட்டு கழன்றுவிடும். அதனால் உம்மா பழக்கித் தந்தபடி விரலை ஒவ்வொன்றாக, மெதுவாக விரித்து அந்தத் தோலை எடுத்தேன். பிறகு உம்மாவைக் கூப்பிட்டேன். உம்மா வந்து அவளுடைய வாயைக் கழுவிவிட்டா. அன்றைக்குச் சோற்றில் எனக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தா. தங்கச்சி என்னோடு கோபிக்கவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை அவளுக்குக் காய்ச்சலும் வந்து, கஞ்சியும் இறங்கவில்லை. வாப்பா வயலை விட்டுவிட்டு வந்து அவளைத் துணியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார். உம்மாவோடு நானும் போனேன். கல்முனையில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் அவளுடைய வாயைத் திறந்து பார்த்தார், தோலை இழுத்துப் பார்த்தார், பிறகு உம்மாவின் விரல்களையும் வளைத்துப் பார்த்தார்.

"தோலும் மூட்டும் பிறப்பில வந்தது, தாய்வழி. அதை என்னால மாத்த ஏலாது. ஆனா முரசும் காலும் அதால இல்லை. விற்றமின் சி இல்லாமப் போட்டுது. தேசிக்காய், தோடம்பழம், கீரை, ஒண்டும் குடுக்கேல்லையோ?"

வாப்பா பத்தியத்தைச் சொன்னார். டொக்டர் ஏசவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இப்பிடி வந்த பிள்ளையள் புளிப்புக்கு ஏங்கி அந்தரப்படும். இவ ஒருநாளும் கேக்கேல்லையோ?"

உம்மா என்னைப் பார்த்தா. பிறகு டொக்டரைப் பார்த்து, "இல்ல ஐயா, கேக்கவே இல்ல" என்றா.

பழச்சாறும் குளிசையும் கொடுக்கத் தொடங்கிப் பத்து நாளில் இரத்தம் நின்றது. அடுத்த பெருநாளைக்கு அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். தோல் மட்டும் இன்றைக்கும் அப்படியே. ஆனால் அன்று ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் இதொன்றும் எனக்குத் தெரியாது. தங்கச்சி உம்மாவின் மடியில் கிடந்து தோடம்பழச் சுளையைச் சூப்பிக்கொண்டு வந்தாள். நான் உம்மாவின் காதோடு சொன்னேன்: "டொக்டரிட்டப் பொய் சொல்லிட்டீங்க உம்மா. தோள்ல இருக்கிற மலக்குமார் பாவம் எழுதிருவாங்க."

"எழுதட்டும் மகள்" என்றா உம்மா.

ஒருநாளும் பொய் பேசாத உம்மா இப்படிச் செய்துவிட்டாவே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. களியோடைப் பாலம் தாண்டும்வரை, உம்மாவை மன்னித்துவிடச் சொல்லி அல்லாஹ்விடம் வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டு வந்தேன். அந்தப் பொய் யாருக்காக என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியாது.