எங்களை முந்திக்கொண்ட சிஸ்டர் ரோசலின்

செய்தி வந்தபோது பத்தாங் பெர்ஜுந்தாய் சந்தையில் நின்று, எனக்கு ஆகாத கீரையை என் மனைவிக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் டயாலிசிஸ் நிலையத்தின் வேன் ஓட்டுநர் முனியாண்டி அழைத்தார்.

"சார், மனச தெடப்படுத்திக்குங்க. நம்ம சிஸ்டர் ரோசலின் தவறிட்டாங்க. காலைல வேலைக்குக் கெளம்பறப்ப விழுந்துட்டாங்களாம். ஹார்ட் அட்டாக்."

முதலில் எனக்கு வந்தது துக்கம் அல்ல, கோபம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்களுக்குள் எழுதாத ஓர் ஏற்பாடு இருந்தது. நோயாளிகள் நாங்கள் ஒவ்வொருவராகப் போவோம், சிஸ்டர் வீட்டுக்கு வந்து வழியனுப்பி வைப்பார். அப்படித்தான் இதுவரை நடந்தது. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. எனக்கு அறுபத்தெட்டு. வரிசையில் நிற்காமல் முந்திக்கொண்டு போனது நியாயமே இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிஸ்டர் ரோசலின் கலும்பாங் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். தாதிப் பயிற்சி முடித்து, கோலசிலாங்கூரில் வாழ்க்கைப்பட்டு, பெர்ஜுந்தாயில் எங்கள் நிலையத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார். பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு இயந்திரங்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம் அங்கே கட்டுண்டு கிடப்போம்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முதல் நாள் உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் உட்காராமல் இயந்திரத்தைச் சுற்றி வந்து பம்பு எங்கே, வடிகட்டி எங்கே என்று ஆராய்ந்தேன். பின்னால் குரல் கேட்டது.

"அண்ணே, மெஷினுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. நீங்க வந்து ஒக்காருங்க."

அன்றே எங்கள் வழக்கு தொடங்கிவிட்டது. அது உச்சத்துக்குப் போனது புது இயந்திரங்கள் வந்தபோது. ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கப்போகிறது என்றால், இறங்குவதற்கு முன்பே அவை எச்சரிக்கும். சிஸ்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"இதுக்கு முன்கூட்டியே தெரியுது லா, அண்ணே."

"தெரியலம்மா. கணக்குப் போடுது. என் பாய்லர்லயும் மீட்டர் இருந்துச்சு. அதுக்குச் சூடு தெரியுமா? நமக்குத்தான சுடும்."

"சுட்டாத்தான் தெரிஞ்ச மாதிரியா? அப்ப டாக்டருங்க எல்லாருக்கும் கிட்னி போனாத்தான் வைத்தியம் பாக்க முடியுமா?"

தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த நாற்காலி லெட்சுமி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மறு முறை நான் புது வாதத்தோடு வருவேன், அவர் ஊசி குத்திக்கொண்டே அதை உடைப்பார். வலி தெரியாமல் இருக்கத்தான் என்னை வம்புக்கு இழுக்கிறார் என்று புரிய எனக்கு ஓராண்டு ஆயிற்று. புரிந்த பிறகும் விடாமல் வழக்காடினேன், அவ்வளவு பிடித்திருந்தது.

லெட்சுமி அக்கா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கி ஓய்ந்தவர். அவருடைய கதையைச் சொல்லாமல் சிஸ்டரைச் சொல்ல முடியாது.

எங்களுக்கு எடைதான் எல்லாம். உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏற வேண்டும். கூடியிருக்கும் எடை எல்லாம் நாங்கள் குடித்த தண்ணீர். அதைத்தான் இயந்திரம் உறிஞ்சி எடுக்கும். எடை அதிகம் கூடினால் சிஸ்டர் ஏசுவார். நன்றாகவே ஏசுவார். லெட்சுமி அக்காவுக்கு மட்டும் சில வாரங்களாக ஏச்சே விழவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே எடை, கச்சிதமாக. இயந்திரத்தின் திரையிலும் பச்சை விளக்கு. "அக்காவப் பாத்துக் கத்துக்குங்க" என்று எங்களுக்கு உபதேசம் வேறு.

ஒரு புதன்கிழமை, அக்கா வாசலில் குனிந்து செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் உதவப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். செருப்பு வார் பாதத்தில் பதிந்து கழல மறுத்தது. அக்கா கையைத் தூக்கியபோது வளையல்கள் முழங்கை வரை சரிந்து ஓடின.

"அக்கா, நீங்க சாப்புடறீங்களா இல்லையா?"

அக்கா அழத் தொடங்கினார். "எட கூடுனா ஏசுவீங்கன்னு சோத்த நிறுத்திட்டேன் சிஸ்டர். தண்ணிய நிறுத்த முடியல."

உடம்பில் சதை கரைந்துகொண்டே வந்தது. கரைந்த இடத்தில் தண்ணீர் ஏறியது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னும் சில நாள் போயிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நின்றிருக்கும் என்றார் மருத்துவர்.

நான் குதித்தேன். "பாத்தீங்களாம்மா! ஒங்க மெஷினுக்கு ஒண்ணுமே தெரியல."

சிஸ்டர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு நாள்தான். "எனக்கும்தான் தெரியல அண்ணே. அதுக்குக் கண்ணு இல்ல. எனக்கு இருந்துச்சுல்ல? இத்தன நாளா என் பக்கமாத்தான நடந்து போனாங்க? ஏசுனதும் நான்தான், மெஷின் இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், சோறும் கோழிக்குழம்பும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போய், அக்காவோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். "என்னாலதான் ஒங்களுக்கு இப்படி ஆச்சு, மன்னிச்சிருங்க" என்று சொன்னாராம். பிறகு எவரையும் எடைக்காக ஏசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, என் கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே அவரே பேச்சை எடுத்தார். "நாளைக்கே மெஷினுக்கு வளையல், செருப்பு எல்லாத்தையும் பாக்கக் கத்துக் குடுத்துருவாங்க அண்ணே. என்னவிட நல்லாவே பாக்கும். பாக்கட்டும், யாராச்சும் பொழச்சா சரி. ஆனா தப்பு நடந்தா, அக்கா வீட்டுக்குப் போயி என்னாலதான்னு சொல்லுமா? சொல்லாம இருக்க முடியாம போயி நிக்குமா? அப்படி நின்னா, அதுக்கும் நம்ம மாதிரியே தெரியும்னு நான் ஒத்துக்கறேன்."

"அது அறிவு இல்லம்மா, மனசாட்சி. ரெண்டும் வேற" என்றேன்.

"வேறயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

இனி சொல்வதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இறப்பதற்கு எட்டு நாள் முன்பு, என்னை இயந்திரத்தோடு பூட்டிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிஸ்டர் சற்று நின்றார். குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மேலுதட்டில் வியர்வை. இன்னொரு கை இடது தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"வாயு அண்ணே. நேத்து நண்டு ஒரு புடி புடிச்சிட்டேன்."

சிரித்தேன். சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடங்கினேன். பாய்லரில் சின்ன விசில் மாறினால் ஓடிப்போய் நின்றவன் நான். அன்று வியர்வையையும் பார்த்தேன், கையையும் பார்த்தேன். அவர் தாதி, அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். மனிதனுக்குத்தான் தெரியும் என்று ஒன்பது ஆண்டு முழங்கிய வாய், அன்றைக்குத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை.

செவ்வாய் மாலை கோலசிலாங்கூரில் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் அந்தோணி வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொன்னேன். சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று கேட் வரை போய்த்தான் திரும்பி வந்தேன். "தம்பி, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். பாத்துட்டும் சும்மா இருந்துட்டேன்."

அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். பிறகு, "எங்கிட்டயும் வாயுன்னுதான் சொன்னா. நான் இஞ்சித் தண்ணி வச்சுக் குடுத்தேண்ணே" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

புதன்கிழமை கலும்பாங்கில், தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம். எங்களால் போக முடியாது. அது எங்கள் நாள், ஒரு நாள் தவறினாலும் உடம்பு தாங்காது. அந்தோணிதான் யோசித்து, போகிற வழியில் வண்டியை எங்கள் நிலையத்தின் முன் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

பதினொரு மணிக்கு முனியாண்டி கண்ணாடிக் கதவுகளைத் திறந்து பிடித்தார். வெளியே வெயிலில் கறுப்பு வண்டி. எழுந்து நிற்க வழியில்லை. ஊசி ஏறிய கையை அசைக்கவும் கூடாது. லெட்சுமி அக்கா முதலில் மற்றக் கையைத் தூக்கினார். பிறகு பன்னிரண்டு பேரும் தூக்கினோம். கும்பிட இரண்டு கை வேண்டும், எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின. எல்லோருக்கும் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அதை அவை மிகச் சரியாகவே சொல்லின. மாற்றுக்கு வந்திருந்த இளந்தாதி ஓடி ஓடி அலாரங்களை அணைத்துவிட்டு, என்னருகே வந்ததும் திரையைப் பார்க்காமல் நின்று தானும் அழுதார்.

வண்டி மெதுவாக ரவாங் சாலைக்குத் திரும்பியது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அவரிடம் நான் சொல்லாத வார்த்தையை அப்போது உரக்கச் சொன்னேன்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி. அறிவு, மனசாட்சி, ரெண்டும் வேற இல்ல."

போய் வாருங்கள், சிஸ்டர். வெள்ளிக்கிழமை வரும், ஊசியும் ஏறும். எதிர்த்துப் பேச நீங்கள் இல்லாமல் அந்த நான்கு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.